இரவிற் சுழன்ற தட்டு

நூலகமொன்றிலே எத்தனை நூல்கள் உள்ளன, எத்தனை இரவலாகச் சென்றன, எத்தனை திரும்பி வரவில்லை என்பனவற்றுக்கெல்லாம் பதிவேடு உண்டு. அங்கு எரியும் விளக்குக்கும் சுழலும் விசிறிக்கும் பதிவேடு இல்லை. பல்கலைக்கழகங்களிலே மின்சாரப் பட்டியல் நிதிக்கிளைக்கு மொத்தமாக வந்து சேருவதே பெரும்பாலும் வழக்கம். விஞ்ஞான பீடம் எவ்வளவு, விடுதிகள் எவ்வளவு, நூலகம் எவ்வளவு என்று அது பிரித்துக் கூறுவதில்லை. எல்லாரும் சேர்ந்து செலவழிப்பதைத் தாம் செலவழிப்பதாக எவரும் எண்ணுவதுமில்லை. ஆதலால், சிக்கனம் பேசவேண்டிய காலம் வந்ததும் கண்ணுக்குத் தெரிவதன்மீதே முதலிற் கை வைக்கப்படுகிறது. நூலகத்திலே கண்ணுக்குத் தெரிவது மாலை நேரத்து வாசிப்பு மண்டபம்.

அத்தகைய காலம் 2022ஆம் ஆண்டில் வந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. மார்ச் மாதம் 31ஆந் திகதி இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில், ஒன்பதாண்டுகளாக உயர்த்தப்படாதிருந்த மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. வரண்ட வலயத்திலே, கடலுக்குத் தொலைவில்லாத பல்கலைக்கழகமொன்றில், அவ்வுயர்வுக்குப் பின் வந்த முதலாவது பட்டியலைக் கண்ட அதிகாரிகள் உடனே ஒரு யோசனையை முன்வைத்தனர். இரவு எட்டு மணிவரை திறந்திருந்த நூலகத்தை இனி மாலை ஐந்து மணிக்கே மூடிவிடலாம் என்பதே அது.

யோசனை நியாயமற்றதென்று கூறிவிட முடியாது. நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்பது மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையாகும். அந்நேரத்தில் எரியும் ஒவ்வொரு விளக்கும் விலைகூடிய எண்ணெயில் எரிகிறதென்று வாதாடலாம். ஆனால் மாலையில் அங்கு வந்து அமர்ந்தோர் யாவர்? விடுதியில் இடங்கிடையாமல் வாடகை அறைகளில் நால்வர் ஐவராய்த் தங்கியிருந்தோர். வீட்டிலே மின்வெட்டு நேரம் எப்போதென்று பார்த்துப் பாடம் படிக்க நேர்ந்தோர். பகலில் விரிவுரையும் ஆய்வுகூடமுமாகக் கழிந்து, ஐந்து மணிக்குப் பின்னரே ஒரு நூலை விரிக்க வாய்த்தோர். ஐந்து மணிக்குக் கதவடைத்தால் நூலகம் அவர்களுக்கு இல்லையென்றே பொருள்.

அந்நூலகத்தின் உதவியாளர் ஒருவர், பத்தொன்பதாண்டு சேவையுடைய பெண்மணி, இதனை நன்கறிந்தவர். தாமும் அவ்வாறு மாலையில் அமர்ந்து படித்துத் தேறியவர் என்பதால் அவ்வறிவு வெறும் அறிவாக நிற்கவில்லை. கூட்டத்திலே அவர் பேசவில்லை. பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. மூடுவதால் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்விக்கு மட்டும் எவரிடமும் விடையில்லை என்பதைக் கவனித்துக்கொண்டார்.

அளப்பதற்கு அவரிடம் கருவியில்லை. பௌதிகவியற் பகுதியில் இரண்டை இரவல் பெற்றார். நூலகத்தவர் இரவல் வாங்கியது புதுமையென்று அங்கே சிரித்தார்களாம். ஒன்று, சுவரிலுள்ள செருகிக்கும் உபகரணத்துக்கும் இடையிற் பொருத்தும் சிறு மானி. அது எத்தனை வாற்று செல்கிறது என்பதை நேரே காட்டும். கணினி, நிழற்பிரதி இயந்திரம், நீர்க்கொதிகலம் போன்றவற்றுக்கு ஏற்றது. கூரையிலே நிரந்தரமாய் இணைக்கப்பட்ட விளக்குக்கும் விசிறிக்கும் அது உதவாது. அவற்றுக்கெனப் பெற்ற மற்றையது, கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அம்பியரிற் கூறும் மானி.

வாசிப்பு மண்டபத்தில் அறுபது குழாய் விளக்குகளும் இருபத்துநான்கு விசிறிகளும் இருந்தன. பழைய நாற்பது வாற்றுக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் சோக்குச் சுருள் வேறு. கவ்வும் மானி ஒரு விளக்குக்கு 0.43 அம்பியர் என்றது. அதனை 230 உவோற்றாற் பெருக்கினால் ஏறக்குறைய 99 வருகிறது. அவ்வாறாயின் அறுபது விளக்குக்கும் ஆறு கிலோவாற்று; விசிறிகளுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல்; மாலை ஐந்து முதல் எட்டுவரை மூன்று மணித்தியாலத்துக்கு 23 அலகுகள். அலகென்பது கிலோவாற்று மணி ஒன்று. பட்டியலில் விலை போடப்படுவது அதற்குத்தான். இக்கணக்கை முடித்த இரவு அவர் மனஞ்சோர்ந்து போனார். மண்டபத்தை மூடவேண்டுமென்றவர்களுக்குத் தாமே சாட்சி தேடிக் கொடுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கடதாசியைக் கிழித்தெறியாமல் மறுநாள் கருவியோடு எடுத்துச் சென்றமையை அவரது நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

பௌதிகவியல் விரிவுரையாளர் அக்கடதாசியைப் பார்த்துவிட்டு, “மிஸ், இது ரெண்டு மடங்கு,” என்றார். குழாய் விளக்கின் சோக்குச் சுருள் மின்னோட்டத்தை அழுத்தத்துக்குப் பின்தங்கச் செய்கிறது. அவ்விளக்கின் வலுக்காரணி பாதியளவே. கம்பியிலே ஓடும் மின்னோட்டம் முழுவதும் வேலை செய்வதில்லை. ஆதலால் அம்பியரை உவோற்றாற் பெருக்கியது விளக்கின் உண்மையான வலுவாகாது. குழாய்க்கு நாற்பதும் சுருளுக்குப் பத்துமாக ஐம்பது வாற்று என்பதே சரி. “நம்பிக்கையில்லையெண்டால் நூலகத்து மெயின் சுவிச்சுக்குப் பக்கத்திலை பழைய தட்டு மீற்றர் ஒண்டு இருக்கும், போய்ப் பாருங்கோ. அது பொய் சொல்லாது.”

அவ்வாறே இருந்தது. கட்டடம் எழுந்த காலத்திற் பொருத்தப்பட்டு, பின்னர் எவரும் வாசியாமல் விட்ட உபமானி. கண்ணாடிக்குள்ளே அலுமினியத் தட்டொன்று விளிம்பிலே கறுப்பு அடையாளத்துடன் சுழன்றுகொண்டிருந்தது. 120 சுற்றுக்கு ஒரு கிலோவாற்று மணி என்று முகப்பில் எழுதப்பட்டிருந்தது. பத்துச் சுற்றுக்கு எத்தனை செக்கன் ஆகிறதென்று கைக்கடிகாரத்திற் பார்த்தால் அக்கணத்தில் நூலகம் முழுவதும் உண்பது எவ்வளவென்று கூறிவிடலாம். மண்டபத்து விளக்குகள் எரியும்போது ஒருமுறையும் அணைத்துவிட்டு ஒருமுறையும் எண்ணினார். வேறுபாடு மூன்று கிலோவாற்று. விரிவுரையாளர் சொன்னதே சரி. மாலை மூன்று மணித்தியாலத்துக்கும், விசிறியும் விளக்குமாக, 14 அலகுகள்.

கணக்கு இவ்விடத்தில் நின்றிருக்கலாம். அவரை மேலும் எண்ணத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எட்டு மணிக்கு மண்டபம் அடைத்து, விளக்கெல்லாம் அணைத்து, சைக்கிளை எடுக்கப் புறப்பட்டவர் மானியின் பக்கமாக நடந்தார். தட்டு ஓய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். அது சுழன்றுகொண்டிருந்தது. பத்துச் சுற்றுக்கு 115 செக்கன். இருட்டிலே, ஆளில்லாத நூலகம் 2.6 கிலோவாற்றை உண்டுகொண்டிருந்தது.

வளிச்சீராக்கியின் அழுத்தி நின்று நின்று ஓடுவதாகையால் ஒருமுறை எண்ணியது போதாதென்று அவர் அறிந்திருந்தார். காவலரிடம் அனுமதி பெற்று மூன்று இரவுகள் மணித்தியாலத்துக்கு ஆறுமுறை எண்ணினார். சராசரி அதுவேதான். இரவு எட்டு முதல் காலை எட்டுவரை பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 31 அலகுகள். திறந்திருந்து நூற்றுக்கணக்கானோர் படித்த மாலைப்பொழுது கேட்டதிலும் இரு மடங்குக்கு மேல், மூடியிருந்து எவரும் படியாத இரவு கேட்டிருந்தது.

அதன்பின் சிறு மானியுடன் அறையறையாகச் சென்றார். கணினிகளுள் பதினான்கு இரவிலும் அணைக்கப்படாதிருந்தன. ஒவ்வொன்றும் திரையோடு 45 வாற்று. பயன்படுத்தாதபோது கணினி தானே துயில்வதற்கான ஏற்பாடு புதிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 1992இல் ‘எனர்ஜி ஸ்ரார்’ என்ற அடையாளத்தைத் தொடங்கியபோதே கணினிகளையும் திரைகளையுமே முதலில் எடுத்துக்கொண்டது. இங்கோ, அவ்வேற்பாட்டை எவரோ ஒருவர் வசதி கருதி நீக்கிவைத்திருந்தார். துயிலவிட்டபோது அதே கணினி இரண்டு வாற்றுக்கு இறங்கியது. நிழற்பிரதி இயந்திரங்கள் இரண்டும், மைத்தூளைத் தாளில் உருக்கிப் பதிக்கும் உருளையைச் சூடாக வைத்திருப்பதற்காக, பிரதி எடாதபோதும் தலைக்கு 75 வாற்றைக் கேட்டன. ஊழியர் அறையிலிருந்த நீர்க்கொதிகலம், காலையிலே ஒருவர் தேநீர் அருந்தப்போவதை முன்னிட்டு இரவெல்லாம் நீரைக் கொதிநிலைக்கு அணித்தாய் வைத்திருந்தது. அதற்குச் சராசரி நூறு. வலையமைப்புப் பெட்டிகளுக்கும் காவல் விளக்குகளுக்கும் போக, எஞ்சியதிற் பெரும்பங்கு ஓர் அறையினது. விசேட சேர்க்கை அறையின் வளிச்சீராக்கியை நிறுத்தி எண்ணியபோது பத்துச் சுற்றுக்கு 200 செக்கனாயிற்று. அஃதாவது 2.6 என்பது 1.5க்கு இறங்கியது. அந்த ஓர் இயந்திரம் 1.1 கிலோவாற்று.

பக்கமொன்றில் அடங்கிய அவருடைய கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது நூலகர் அதனை இருமுறை வாசிக்கச் சொன்னார். தீர்மானம் இவ்வாறு அமைந்தது: மாலை நேரத்துக்குச் செல்லும் 14 அலகை இரவிலே மீதப்படுத்திக் காட்டினால் மண்டபம் எட்டு மணிவரை திறந்திருக்கலாம்.

கணினி, நிழற்பிரதி இயந்திரம், கொதிகலம் ஆகிய மூன்றையும் இரவில் நிறுத்தினாற் பத்தரை அலகு வரும். இன்னும் மூன்றரை வேண்டும். அம்மூன்றரையை எங்கு தேடுவது என்பதிலேதான் அவர் இடறினார். மண்டபத்தின் பாதியை அடைத்து மாணவரை மறுபாதியில் நெருங்கி அமரச் சொல்லியிருக்கலாம்; மாணவருக்காகத் தொடங்கிய காரியத்தில் மாணவரை நெருக்க அவருக்கு மனம் வரவில்லை. பட்டியலிலே மிகப் பெரிய எண்ணாக நின்றது வளிச்சீராக்கி. அதனை இரவில் நிறுத்தினாற் பதின்மூன்று அலகு. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிடலாம். ஒக்தோபர் நடுப்பகுதியில் இருந்து மாலை ஐந்து மணிக்கு விசேட சேர்க்கை அறையின் வளிச்சீராக்கி நிறுத்தப்பட்டு, காலை எட்டு மணிக்கு மீண்டும் இயக்கப்பட்டது. மண்டபம் திறந்திருந்தது. அவரைப் பலர் பாராட்டினர்.

அவ்வறையில் இருந்தவை ஏட்டுச்சுவடிக் கட்டுகளும் பழைய செய்தித்தாள்களின் கட்டிய தொகுதிகளுமாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 வரையான நூல்களுடனும் சுவடிகளுடனும் எரிந்தபின், இத்தகைய அறைகளுக்கு வேறொரு கனதி வந்து சேர்ந்தது. வேறெங்காவது ஒரு படி இருக்கும் என்ற ஆறுதலை வடக்கிலுள்ள நூலகத்தவர் அன்றோடு இழந்துவிட்டனர்.

நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டது. அறையைக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர், ஓய்வுபெற ஓராண்டே இருந்தவர், ஒருநாட் காலை வந்து சொன்னார்: “பிள்ளை, உந்த அறைக்குள்ளை ஒரு மணம் நிக்குது. முந்தி இல்லாத மணம்.”

“மழை அண்ணை. இப்ப எல்லா இடமும் உப்பிடித்தான்.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரு கிழமை கழித்து, சாளரக் கண்ணாடியின் உட்புறம் காலையில் வியர்த்திருப்பதாக மீண்டும் சொன்னார். அதற்கும் அதே விடைதான் கிடைத்தது. பொய் சொல்லாத கருவியொன்று கையிலிருந்தபோது மூக்கின் சாட்சியத்தை ஏற்க யாருக்குத்தான் தோன்றும்! அந்நாட்களில் தட்டு எவ்வளவு மெல்லச் சுழல்கிறதென்று பார்ப்பதில் அவருக்கு ஒருவகை இன்பமும் ஏற்பட்டிருந்தது. இதனை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

பௌதிகம் எளியது. பகலெல்லாம் குளிர்ந்த சுவரும் இரும்புத் தட்டும் நூலும் மாலையில் இயந்திரம் நின்றபின்னும் நெடுநேரம் குளிர்ந்தேயிருக்கின்றன. கதவிடுக்கால் வெளியிலிருந்து வரும் வளியோ மழைக்காலத்து ஈரம் நிரம்பியது. ஈரவளி குளிர்ந்த பொருளை அடுக்கும்போது அதன் சாரீரப்பதன் உயர்கிறது, பனிநீராகவும் படிகிறது. காலையில் இயந்திரம் ஓடி உலர்த்தத் தொடங்குகிறது. மாலையில் மீண்டும் ஈரம். சாரீரப்பதன் 65, 70 சதவீதத்தைக் கடந்து சில நாள் நின்றாற் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். மின்வெட்டுக் காலத்திலும் இது நிகழ்ந்திருக்குமே என்று கேட்கலாம். நிகழ்ந்துதான் இருக்கும், ஆயின் அவ்வெட்டுகள் மிகக் கடுமையாக இருந்தது வறட்சி மாதங்களில்.

ஆண்டிறுதி விடுமுறை முடிந்து 2023 ஜனவரியில் அறை திறக்கப்பட்டது. கீழ்த்தட்டிலிருந்த செய்தித்தாள்த் தொகுதிகளுள் பதினொன்றின் முதுகிலே சாம்பலும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கட்டுவேலைக்குப் பயன்பட்ட மாப்பசையே பூஞ்சணத்துக்கு உணவு. அட்டையிலிருந்து அது உள்ளே சென்று ஓரத்துப் பத்திகளைக் கபில நிறமாக்கியிருந்தது. ஏட்டுச்சுவடிகளுக்குப் பெருஞ் சேதமில்லை; அவை மரச்சட்டங்களுக்கிடையே இறுகக் கட்டப்பட்டு, முந்திய ஆண்டிலே எண்ணெய் பூசப்பட்டவை. எண்ணெய் பூசியவர் அந்தச் சிற்றூழியரே.

உதவியாளர் நூலகரிடம் சென்று, காரணம் தாமென்று கூறினார். நூலகர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவர் நினைத்தார். முகமூடி அணிந்து, வாயிற்புறத்து விறாந்தையில், காற்றுப் போகும் திசையறிந்து மென்தூரிகையால் ஒவ்வொரு தொகுதியாகத் துலக்கும் வேலை மூன்று கிழமை நடந்தது. சிற்றூழியர் உடன் நின்றார். நவம்பரிற் சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் எடுக்கவில்லை.

வளிச்சீராக்கியை மீண்டும் இரவுபகலாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே பலருடைய கருத்து. அவர் அதற்கும் உடன்படவில்லை. இம்முறை வேறொரு கருவியைத் தேடினார். வெப்பநிலையையும் ஈரப்பதனையும் காட்டும் சிறு மானியொன்றை அறையில் வைத்து, காலை, நண்பகல், மாலை என்று இருபது நாள் குறித்தார். இயந்திரம் ஓடும்போதுங்கூடச் சில வேளைகளில் 68 காட்டியது. அறைக்கு அளவிற் பெரிய வளிச்சீராக்கி விரைவாகக் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். குளிர்த்தற்கு எடுக்கும் நேரம் ஈரத்தை வடித்தற்குப் போதாது. சுவடிக்கும் தாளுக்கும் அவ்வறையில் உடனடியாக வேண்டியிருந்தது குளிரன்று, மாறாத உலர்வு. அதற்கான ஈரமகற்றி ஓடும்போது கேட்பது ஏறக்குறைய 300 வாற்று. இரவில் நிறுத்தியது பிழை. நாள் முழுவதும் நிறுத்திவிட்டு ஈரத்தை மட்டும் அகற்றியிருந்தால் நூலும் தப்பியிருக்கும், இன்னும் கூடிய மின்சாரமும் மிஞ்சியிருக்கும். ஒக்தோபரில் அவருடைய பட்டியலில் அந்த அறைக்கு எதிரே எத்தனை வாற்று என்று எழுதப்பட்டிருந்தது. எதற்காக என்ற நிரல் அதில் இல்லை.

புதிய பொருள் வாங்கப் பணமில்லாத காலம். ஆய்வுகூடமொன்றில் ஓய்ந்து கிடந்த ஈரமகற்றியொன்று, முன்னைய இரவல் முறையிலேயே, நூலகத்துக்கு வந்தது. விசேட சேர்க்கை அறையிற் பணிபுரிவோர் வெக்கையென்று முறையிட்டனர். முறைப்பாடு நியாயமானது, அவர்களுக்கு மேசைவிசிறி கொடுக்கப்பட்டது. மின்சாரம் நின்றாலும் அறை சட்டென்று ஈரங்கொள்ளாதிருக்கக் கதவிடுக்குகளுக்கு இறப்பர்ப் பட்டி ஒட்டப்பட்டது. அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை.

2023 பெப்ருவரியில் மின்கட்டணம் மேலும் 66 சதவீதம் உயர்ந்தது. ஐந்து மணிக்கு மூடும் யோசனை எதிர்பார்த்தபடி மீண்டும் வந்தது. இம்முறை உதவியாளர் கூட்டத்திலே பேசினார். ஆறரை மணிக்குப் பின் மண்டபத்தின் கிழக்குப் பாதியில் மட்டும் விளக்கெரிப்பதென்றும், மாணவர் அங்கே நெருங்கி அமர்வரென்றும் அவரே முன்மொழிந்தார். மாணவர் சிலர் முணுமுணுத்தனர். ஒரு கிழமைக்குள் இடம்பிடிக்க ஆறு மணிக்கே வரத் தொடங்கினர். மண்டபம் எட்டு மணிவரை திறந்திருந்தது.

நூலகம் அடைத்தபின் பத்துச் சுற்றுக்கு ஆறு நிமிடத்தளவு ஆயிற்று. உபமானியின் அருகே தொங்கவிடப்பட்ட அப்பியாசக் கொப்பியில் இரு நிரல்கள் உள்ளன. முதலாவது தட்டின் செக்கன், அவர் எழுதுவது. இரண்டாவது விசேட சேர்க்கை அறையின் காலை ஈரப்பதன். அது சிற்றூழியரின் கையெழுத்து. சில நாட்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘மணமில்லை’ என்றும் அவர் குறித்திருக்கிறார்.

துலக்கிய பதினொரு தொகுதிகளிற் பத்து மீண்டும் தட்டுக்குச் சென்றன. பதினோராவதன் முதுகு கழன்றுவிட்டது. முதற் பதினாறு பக்கங்களில் ஓரப்பத்தியை வாசிக்க இயலாது. அது வெள்ளைத் துணியிற் சுற்றப்பட்டு வேறாக வைக்கப்பட்டுள்ளது. அதனைக் கேட்டு ஆய்வு மாணவர் எவரேனும் வந்தால் உதவியாளரே எழுந்து சென்று எடுத்து வருகிறார். பக்கங்களைத் தாமே புரட்டிக் காட்டுகிறார். அவ்வோரத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், தெரியாது என்கிறார்.